பல் செட்டும் சைக்கிள் பெல்லும்

என் மாமனாரின் பல் செட்டைத் தேடி என் புரோகிராம் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு சைக்கிள் பெல். அதை நான் பெரிய சாதனையாளனைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அலுவலகத்தில் விதி போட்டவனே நான்தான்.

அந்த விதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைச் சாதாரண முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். நான் யோசித்து, திட்டம் தீட்டி, மேலிடத்து அனுமதியும் வாங்கி முட்டாளானவன்.

நகரப் பேருந்துகளில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வாங்கி வைத்து, உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. பேருந்துப் பணிமனையின் பின்பக்கத்தில் நீளமான ஓர் அறை. சுவரோரம் இரும்பு அலமாரிகள், எப்போதும் ஈரக் குடையின் வாடை, முன்பக்கம் கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் ஜன்னல் அக்கா என்று கூப்பிடுவோம். நான் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். கோபித்துக்கொண்டு பிரிந்து போகக்கூட இன்னோர் ஆள் கிடையாது.

முன்பெல்லாம் ஒருவர் வந்து, "பச்சைப் பை ஒண்ணு விட்டுட்டேன்" என்றால், ஜன்னல் அக்கா உள்ளே போய்த் துழாவி, நாலைந்து பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவா? இதுவா?" என்று காட்டிக்கொண்டிருப்பார். நடுவில் அந்தப் பையில் கிழிசல் எப்படி வந்தது என்ற கதையையும் கேட்டு முடிப்பார். வரிசை தெரு வரைக்கும் நீளும். வரிசையைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன்.

எழுதியது சி என்ற பழைய கணினி மொழியில். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்து ஒட்டி வேலையை முடித்துவிடுகிறார்கள், நானோ ஒவ்வோர் எழுத்தையும் என் கையால் தேடுகிறவன் என்று, கேட்க ஆள் அகப்பட்டால் சொல்லிக்கொண்டிருப்பேன். அகப்படுவது பெரும்பாலும் என் மனைவி.

புரோகிராமின் வேலை எளிதானது. தொலைத்தவர் சொல்லும் விவரம் ஒரு சரம், அதாவது எழுத்துகளின் கோவை. கிடைத்த பொருளைப் பற்றிப் பணிமனையில் தட்டச்சு செய்து வைத்த விவரம் இன்னொரு சரம். முதல் சரத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் இரண்டாவது சரத்துக்குள் தேட வேண்டும். இருந்தால் ஒரு மதிப்பெண், இல்லையென்றால் கிடையாது. நூற்றுக்கு அறுபது எழுத்து இருந்துவிட்டால் பொருந்தியது என்று அர்த்தம். அலமாரியில் முதல் பையிலிருந்து ஆரம்பித்து, பொருந்தும் பை ஒன்று கிடைத்ததும் நின்றுவிட வேண்டும். வேகம் முக்கியமல்லவா? திரையில் அந்தப் பையின் எண் மட்டும் தெரியும்.

"எழுத்து இருந்தா போதுமா? வரிசை பார்க்க வேணாமா?" என்று மேனேஜர் கேட்டார்.

"சிலர் வார்த்தையை மாத்திப் போட்டுச் சொல்லுவாங்க சார். அப்பவும் பிடிச்சிடும். அதுதான் இதுல அழகே."

அழகு என்றதும் அவர் தலையாட்டிவிட்டார். விவரங்களை ஆங்கில எழுத்தில் தட்டி முயன்று பார்த்தபோது ஏதோ சுமாராக வேலை செய்தது. பிறகு மேனேஜர், தட்டச்சு செய்கிறவர்கள் கஷ்டப்படுகிறார்கள், எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும் என்றார். "அதுக்கென்ன சார், எழுத்து எழுத்துதானே" என்று சொல்லிவிட்டு நான் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், சோதித்தேன். குடைக்குக் குடையைக் கொடுத்தேன், பொருந்தியது. டிபன் பாக்ஸுக்கு டிபன் பாக்ஸைக் கொடுத்தேன், பொருந்தியது. மனம் நிறைந்தது.

அப்புறம்தான் விதி. திங்கட்கிழமையிலிருந்து வந்து சேரும் பொருட்களையெல்லாம் சாம்பல் நிறப் பையில் போட்டு, வாயை ஒட்டி, எண் எழுதி அடுக்க வேண்டும். கேட்டு வருகிறவருக்குத் திரையில் வரும் எண்ணைப் பார்த்துப் பையை எடுத்து நீட்ட வேண்டும். யாரும் பிரித்துப் பார்த்துக் கதை பேசக் கூடாது. ஜன்னலுக்கு மேலே நானே வாசகம் எழுதிப் பலகை மாட்டினேன்: "கணினி சரிபார்த்தது. பையை வீட்டில் பிரிக்கவும்."

"பிரிச்சுப் பார்க்காம எப்படி சார் கொடுக்கிறது? எனக்கு மனசு கேட்காதே" என்றார் ஜன்னல் அக்கா.

"மனசெல்லாம் வேணாம்க்கா. எண் போதும்."

இனி மாமனார். அவர் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு இருக்கிறார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடத் தலைப்புச் செய்தி மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பேருந்துகளில் நிறுத்தங்களின் பெயரை அறிவிக்க ஒரு குரல் தேவை என்று எங்கள் நிர்வாகம் ஆள் தேடியபோது, நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலேயே, அவரே போய்ப் பேசிக் காட்டித் தேர்வாகிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஒலிப்பதிவு. அந்தச் செய்தி வந்ததிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து யாரோ அவர் வாயிலிருந்து வார்த்தை கேட்கிறார்கள். காலையில் எழுந்ததும் கூடத்தில் நின்று பயிற்சி.

"அடுத்த நிறுத்தம், சந்தை வாசல். அடுத்த நிறுத்தம், பழைய பாலம்."

முடித்ததும் என் அறை வாசலுக்கு வந்து நிற்பார். "எப்படி மாப்பிள்ளை இருக்கு?"

"பிரமாதம் மாமா" என்பேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல, 'சந்தை'ன்னு சொல்லும்போது லேசா விசிலடிக்கிற மாதிரி எனக்கே கேட்குது. பல் செட்டு கொஞ்சம் லூசாயிடுச்சோ என்னவோ."

"சேச்சே. பிரமாதம் மாமா."

செவ்வாய்க்கிழமை வெளியே போனவர் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மனைவி போய்த் தட்டியபோது கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பேருந்தில் போகும்போது ஈறு வலித்ததால் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஏதோ நினைவில் அவசரமாக இறங்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் மடி வெறும் மடி என்று தெரிந்தது.

பல் இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. சாப்பிட்டு எழுந்து வாய் கொப்பளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளும் ஆள். புதிதாகச் செய்ய இரண்டு வாரமாவது ஆகும் என்று பல் கட்டுகிறவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை போகவில்லையென்றால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள், அதே வானொலியில் வானிலை வாசித்தவர். மாமனாருக்கு ஆகாதவர். "அந்தாளு மழையையே சரியா உச்சரிச்சதில்ல" என்று இவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"உங்க ஆபீசுக்குத்தானே வந்திருக்கும்? காலையில போனதும் அலமாரியில ஒரு தடவை தேடிப் பாருங்க" என்றாள் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. "தேடுறதா? நான் எதுக்கு அப்புறம் புரோகிராம் எழுதினேன்?"

மாமனார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். என்னைப் பார்த்து, நீங்க பார்த்துக்குவீங்க என்பதுபோல இன்னொரு கையை உயர்த்தினார். அந்த நம்பிக்கையை நான் கூச்சநாச்சமே இல்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் ஜன்னல் அக்கா பக்கத்தில் போய் நின்று, "பல் செட், வெள்ளை, கைக்குட்டையில் சுற்றியது" என்று நானே தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் எண் வந்தது.

"பார்த்தீங்களாக்கா வேகத்தை?"

"பிரிச்சுப் பார்த்துடுங்களேன் சார். வீட்டு விஷயம்."

"விதின்னா எல்லாருக்கும்தான்" என்றேன். மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது உள்ளேயிருந்து கிணுக்கென்று ஒரு சத்தம் வந்தது. பல் செட்டுக்கு அப்படியும் சத்தம் வரும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. பல்லைக் கழுவிப் போட ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர். மாமனார் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒட்டியிருந்ததை நகத்தால் கிழித்து உள்ளே கையை விட்டார். வெளியே வந்தது சைக்கிள் பெல். ஓரத்தில் கொஞ்சம் துரு.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொண்டுவந்த மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதைக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தார். கிணிங் என்றது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"பெல்லு."

"பெல்லுன்னு எனக்கும் தெரியுது."

"விவரம் சரியா கொடுக்கலன்னா இப்படித்தான் ஆகும்." எதற்கும் என் வாயில் தயாராக இருக்கும் வாக்கியம் அது.

"விவரம் கொடுத்தது யாரு?"

நான் காலிப் பையை எடுத்து எண்ணைச் சரிபார்த்தேன்.

என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஜனங்களின் மூக்கில் லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பதுதான் அவள் தொழில். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க கடையில நடுவுல வேணும்னே ஒரு தப்பான லென்ஸ் மாட்டிப் பார்ப்போம். அதுக்கும் தெளிவா இருக்குன்னு சொல்ற ஆளுக்குக் கண்ணாடியே எழுத மாட்டோம். அவரு பார்த்துச் சொல்லல, எழுந்து போனா போதும்னு சொல்றாருன்னு அர்த்தம். உங்க புரோகிராம்கிட்ட தப்பான ஒண்ணைக் காட்டிக் கேட்டீங்களா?"

"தப்பானதை எதுக்குக் காட்டணும்?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் கேட்ட கேள்வியின் லட்சணம் எனக்கே உறைத்தது.

மடிக்கணினியை மேசையிலேயே திறந்தேன். ஒரு பக்கம் "பல் செட்" என்று தட்டினேன். இன்னொரு பக்கம் "குடை". பொருந்தியது என்றது. "தண்ணீர் பாட்டில்" போட்டேன். பொருந்தியது. மாமனார் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். "யானை" என்று போட்டேன். அறுபத்து மூன்று சதவீதம், பொருந்தியது. தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஓர் எண். தமிழில் எழுத்துக்கு மூன்று எண்கள். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனியாக மூன்று மூன்று. இந்த மூன்றில் முதல் எண் தமிழ் முழுவதற்கும் ஒன்றேதான், இருநூற்று இருபத்து நான்கு. இரண்டாவது, இரண்டே எண்களில் ஏதாவது ஒன்று. மூன்றாவதில்தான் எழுத்துக்கு எழுத்து வித்தியாசம். நான் எழுத்து எழுத்தாகத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எண் எண்ணாகத் தேடியிருக்கிறேன். தமிழில் எதை எழுதி எதோடு ஒப்பிட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு தானாகப் பொருந்திவிடும். நூற்றுக்கு அறுபது போதும் என்று வரம்பு வைத்த மகராசனும் நான்தான்.

இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. யாராவது கேட்டிருந்தால் கரும்பலகையில் படம் போட்டே விளக்கியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று. எல்லாமே பொருந்தும், முதலில் பொருந்தியதும் நின்றுவிடும் என்றால், அலமாரியில் முதலில் இருக்கிற பைதான் யாருக்கும் வரும். மூன்று நாளாக என் புரோகிராம் எதையும் தேடவே இல்லை. வந்தவர்களுக்கு வந்த வரிசையில், அடுக்கியிருந்த வரிசையில் எடுத்து வாரி வழங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ அப்பாவோட பல்லு?" என்றாள் மனைவி.

"இன்னும் அலமாரியில இருக்கணும். இல்லன்னா..." என்று இழுத்தேன். மாமனார் பெல்லை எடுத்து மேசையின் ஓரத்தில் நேராக வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். ஜன்னல் திறக்கும் முன்பே முற்றத்தில் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் கிழித்த சாம்பல் பை, ஒவ்வொருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும். கிடார் சொல்லிக் கொடுக்கிறவருக்குக் குழந்தையின் காலுறை வந்திருந்தது. குழந்தையின் அம்மாவுக்கு அளவு நாடா. ஒரு கல்லூரிப் பெண் தோசைக்கரண்டி மாதிரி ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக நின்றிருந்தாள். அவள் தொலைத்தது பரீட்சைக்கான கால்குலேட்டர்.

"வாங்க சார்" என்றார் ஜன்னல் அக்கா, மிகவும் இனிமையாக. "கம்ப்யூட்டருக்கு எல்லாம் பொருந்திடுச்சு சார். மனுஷங்களுக்குத்தான் பொருந்தல."

நான் உள்ளே நுழைந்து, மிச்சமிருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். "சார், விதி, விதி" என்று பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தார். குடை, செருப்பு, பூட்டு, இன்னொரு குடை. பல் இல்லை. எவர் வீட்டிலோ அது இருக்கிறது.

வெளியே வந்தபோது ஜனங்கள் தாங்களாகவே மாற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். "அய்யோ, அது என்னோடது" என்று கிடார்காரர் யாரிடமிருந்தோ கிடார் மாட்டும் தோல் வாரைப் பிடுங்கினார். கால்குலேட்டர் கிடைத்த பெண் சிரித்துக்கொண்டே ஓடினாள். நான் எழுதியிருக்க வேண்டிய புரோகிராமை அவர்கள் வாயாலும் கையாலும் நடத்திக்கொண்டிருந்தார்கள். மாமனார் மட்டும் சுவரோரமாக, கைக்குட்டையை வாயில் வைத்தபடி, ஒவ்வொரு பையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு தம்பதி வந்தார்கள். முன்னால் மனைவி, பின்னால் கணவர். கணவர் தச்சர் என்பது சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளிலேயே தெரிந்தது. இரவு முழுக்கத் தூங்காத முகம். அந்த அம்மாள் நேராக ஜன்னலுக்கு வந்து ஒரு பொட்டலத்தை வைத்தார். கட்டம் போட்ட கைக்குட்டை. எனக்கு உயிர் வந்தது.

"இது யாரோட பல்லு?" என்றார் அந்த அம்மாள்.

பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அளவு நாடா தொலைஞ்சுபோச்சு, வாங்கிட்டு வரேன்னு போனாரு. பைக்குள்ள பல்லு இருக்கு. கைக்குட்டையில சென்ட் வாசம் வேற. யாரு வீட்டுல விட்டுட்டு வந்த பல்லு, எவ கொடுத்த கைக்குட்டைன்னு கேட்டா, ஆபீசுல கொடுத்ததுங்கறாரு. அளவு நாடா கேட்டா பல்லு கொடுப்பாங்களா? கம்ப்யூட்டர் சரிபார்த்ததுன்னு போர்டே தொங்குதே!"

"நான் சொல்றதைக் கேட்க மாட்டேங்குறாங்க சார்" என்றார் தச்சர். எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். "ராத்திரியிலேருந்து வீட்டுல பேச்சு இல்ல. அம்மா வீட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டி வச்சிருக்கா."

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். முற்றமே என்னைப் பார்த்தது. அந்தப் பழைய வாக்கியம் தானாக உருண்டு வந்தது.

"நீங்க விவரம் சரியா..."

தச்சரின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். அந்த அம்மாள் மெல்லத் தலையாட்டினார். நினைத்தது சரிதான் என்பதுபோல.

அதற்குள் மாமனார் சுவரை விட்டு நகர்ந்து முன்னால் வந்துவிட்டார். அத்தனை பேர் நடுவில் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். என் வீட்டில் என் முன்னால் திறக்காத வாயைத் திறந்து, வெறும் ஈறை அந்த அம்மாளுக்குக் காட்டினார்.

"அது என் பல்லும்மா. சென்ட்டும் என்னோடது" என்றார். 'ப' மட்டும்தான் ஒழுங்காக வந்தது, மற்றதெல்லாம் காற்றாகப் போயிற்று. நாடு முழுக்கக் கேட்ட குரல். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது. அவர் அதையும் கேட்டுக்கொண்டு, மேனேஜர் பக்கம் திரும்பி இன்னும் நிதானமாகச் சொன்னார். "மாப்பிள்ளை மேல தப்பில்ல. நான்தான் விவரம் மாத்திச் சொல்லிட்டேன்."

அழுகை வந்ததென்று சொன்னாலும் பொய்யில்லை.

"இல்ல சார்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மாமா எதுவும் மாத்திச் சொல்லல. இவரும் அளவு நாடாதான் கேட்டாரு. நான் எழுதினதுதான் தப்பு. அது எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லும். யாருமே விவரம் தப்பா கொடுக்கல."

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி என் பலகையைக் கழற்றினேன். அதற்குள் குழந்தையின் அம்மா, "இந்தாங்க, இது உங்களோடதா பாருங்க" என்று அளவு நாடாவை நீட்டினார். தச்சரின் மனைவி அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, அதில் கணவர் கீறி வைத்திருந்த அடையாளத்தைக் கண்டுகொண்டார். அதாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார்; பலமாக இல்லை.

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு ராத்திரி சாப்பாடாவது கிடைச்சிருக்கும் சார்" என்றார் தச்சர் என்னிடம்.

மேனேஜர் என்னை உள்ளே அழைத்துச் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை. எல்லாம் பொருந்தக்கூடியவைதான். அன்று மதியமே மூன்று மூன்று எண்ணாகச் சேர்த்து ஒப்பிடும்படி மாற்றி, எழுத்தின் வரிசையையும் பார்க்க வைத்து, பல் செட்டுக்கு யானையைக் கொடுத்தேன். "இல்லை" என்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இப்போதும் பையைப் பிரித்துக் காட்டாமல் ஜன்னல் அக்கா யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. வரிசை தெரு வரைக்கும் நீள்கிறது. நீளட்டும்.

மாமனார் அலுவலகக் கழிவறையில் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு, தலையையும் சீவிக்கொண்டு வந்தார். இருவரும் முற்றத்தைத் தாண்டி நடந்தோம். புறப்படத் தயாராக நின்ற ஒரு பேருந்தின் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமினார்.

"அடுத்த நிறுத்தம், சந்தை வாசல்." என்னைப் பார்த்தார். "எப்படி மாப்பிள்ளை இருக்கு?"

'பிர' வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."

சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர் வீட்டில் இத்தனை நாள் பேசியதில் முதல் தடவையாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். பின்னால் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலையும் தாண்டி, 'ச' வந்த இடத்தில், மெல்லிசாக ஒரு விசில்.

"விசில் வருது மாமா. 'சந்தை'ன்னு சொல்லும்போது."

அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது.

"வருதில்ல? நானும் அதையேதானே கேட்டுக்கிட்டே இருக்கேன்! அன்னைக்கு அதைச் சரி பண்ணத்தான் பல் கட்டுறவருகிட்ட பஸ்ல போய்க்கிட்டிருந்தேன். பாதி வழியில ஒரு யோசனை. மாப்பிள்ளைதான் பிரமாதம்னு சொல்றாரே, அப்புறம் எதுக்கு வீணா அலைச்சல்னு டக்குனு எழுந்து இறங்கிட்டேன். அப்பதான் மடியில இருந்தது விழுந்திருக்கும்."

குற்றமாக அவர் சொல்லவில்லை. பேருந்து எந்த வழியாகப் போனது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் பணிமனைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மூன்று நாளாக என் புரோகிராம்தான் எல்லோரையும் அலைக்கழித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அலுவலகத்துக்கு வந்ததே திங்கட்கிழமைதான். என் வீட்டில் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் குரல்தான் இப்போது எல்லாப் பேருந்துகளிலும் ஒலிக்கிறது. சந்தை வாசலுக்குப் போகிறவர்கள் காதைக் கொடுத்துக் கேளுங்கள், விசில் இருக்காது. அது தானாகப் போய்விடவில்லை. அந்த வியாழக்கிழமை இருட்டும் வரை பல் கட்டுகிறவரின் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் அரத்தால் ராவிக் கொடுப்பார், மாமனார் மாட்டிக்கொண்டு சொல்லிக் காட்டுவார், பிறகு என் பக்கம் திரும்புவார்.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா."

"நல்லா கேட்டுத்தானே சொல்றீங்க?"

"கேட்டுத்தான் சொல்றேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, என் முன்னாலேயே, கையால்கூட மறைக்காமல், பல்லைக் கழற்றி மறுபடியும் பல் கட்டுகிறவரிடம் நீட்டினார்.